எடைக்குப் போன பிரதி
காமிக்ஸ் சேகரிப்பு, பட்டியல், விமர்சனம் குறித்துச் சில குறிப்புகள்

1

அமைப்பியல் பேச்சு தமிழுக்குள் வந்த பிறகு நமக்கு வாய்த்த சொற்களில் அதிகம் தேய்ந்தது 'பிரதி'தான். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வெளியானது. அதற்குப் பிந்திய பத்துப் பதினைந்து ஆண்டுகளின் சிறுபத்திரிகைகளைப் புரட்டினால், 'படைப்பு' மெல்ல மெல்லப் பின்வாங்கி அதன் இடத்தில் 'பிரதி' உட்கார்ந்துகொள்வதைப் பார்க்கலாம். பிரதிக்குள் பிரதி, வாசகப் பிரதி, பிரதியின் மௌனம் என்று அது குட்டி போட்டது. இதில் நமக்கு லாபம்தான். ஆசிரியனின் ஜாதகத்தை வைத்துக் கதைக்குப் பலன் சொல்லும் வழக்கம் கொஞ்சமாவது குறைந்தது.

ஆனால் இதே சொல்லை அச்சகத்தில் போய்ச் சொன்னால் அங்கே வேறொன்றைப் புரிந்துகொள்வார்கள். 'எத்தனை பிரதி போடணும் சார்?' என்பதுதான் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி. அங்கே பிரதி என்பது தாளும் மையும் பசையும் கம்பியும் சேர்ந்த ஒரு பொருள். நனையும், கிழியும், கரையான் அரிக்கும், கடைசியில் எடைக்குப் போகும். முதல் வகைப் பிரதிக்கு விமர்சகர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் வகைக்குச் சேகரிப்பாளர்களும் பழைய பேப்பர் கடைக்காரர்களும் மட்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற எழுத்து வடிவம் ஒன்று உண்டு. அது பட்டியல். பட்டியலை ஒரு விமர்சன வகையாக நாம் படித்ததில்லை. அப்படிப் படிக்க வேண்டும். தமிழில் இப்போது புழங்குகிற காமிக்ஸ் பட்டியல்கள் எதை மீட்கின்றன, எதை அழிக்கின்றன என்று கேட்க வேண்டும். இக்கட்டுரையின் கவலை இவ்வளவுதான்.

2

வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது லாங் பஜார். மளிகையும் மண்டியுமாக மொத்த வியாபாரம் நடக்கிற தெரு. அதை ஒட்டிய சந்துகளில் பழைய பேப்பர் எடுக்கும் கடைகளுக்குக் கொஞ்ச காலமாகப் போய்வருகிறேன். அங்கே ஒரே கோணிப்பைக்குள் பழைய பாடநூல், ஜோதிட இதழ், அட்டை போன முத்து காமிக்ஸ், உருது இதழ்கள், நின்றுபோன சிறுபத்திரிகை ஒன்றின் இரண்டாம் இதழ் எல்லாம் கிடக்கும். 'வழவழ பேப்பர்னா ஒரு ரேட்டு, இந்த மாதிரி மட்டப் பேப்பர்னா ஒரு ரேட்டு, உள்ள இன்னா இருந்தா எங்களுக்கு இன்னா சார்' என்றார் ஒரு கடைக்காரர். தீவிர இலக்கியம், வெகுஜன இலக்கியம் என்று நாம் ஐம்பது வருஷமாகச் சண்டை போட்டுப் பிரித்ததை அந்தத் தராசு ஒரு நொடியில் சேர்த்துவிடுகிறது.

அந்தக் கோணியில் அதிகம் தட்டுப்படுவதும் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவதும் சிவகாசிக் காமிக்ஸ்கள். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துக்கொண்டிருந்த ஊரிலிருந்து 1972இல் சௌந்திரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன் மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தமிழில் ஒரு தலைமுறைக்கு விஞ்ஞானப் புனைகதை அறிமுகமானது இதன் வழியாகத்தான் என்று நினைக்கிறேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தது எண்பதுகளில். அதற்குள் மாயாவிக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. 1984இல் விஜயன் ஆசிரியராக 'லயன் காமிக்ஸ்' வந்தது. இரும்பு மனிதன் ஆர்ச்சியும், காலத்தில் பயணம் போகிற அவனுடைய கோட்டையும், குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஸ்பைடரும் தமிழ் பேசினார்கள். அதே 1984இல் 'ராணி காமிக்ஸ்' வேறு வந்தது.

நம் விமர்சன மரபில் இவற்றைப் பற்றி ஒரு பத்தி கூடக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் 'நுகர்வுப் பண்டம்', 'மேலை மேலாதிக்கத்தின் கருவி' என்று இரண்டு வார்த்தையில் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள். ஆக, இவற்றை வரிசைப்படுத்தும் வேலை முழுக்க முழுக்க வாசகர்கள் தலையில் விழுந்தது. எண், ஆண்டு, தலைப்பு, விலை, நாயகன், மூலக்கதை, எந்த இதழ் எதன் மறுபதிப்பு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்த்துத் திருத்தி, வருஷக்கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத் தமிழ்த்துறை எதுவும் கேட்டு அவர்கள் செய்யவில்லை.

3

அந்தப் பட்டியல்கள் செய்த விமர்சன வேலையை முதலில் சொல்ல வேண்டும். நான் புரட்டிய பழைய மாயாவி இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ இல்லை. 'மாயாவி' தமிழ்நாட்டிலேயே பிறந்தவன் போல வந்து நின்றான். பட்டியல்காரர்கள்தான் 'மூலம்' என்ற ஒரு பத்தியைச் சேர்த்தார்கள். 1962இல் லண்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் வந்த தொடர் அது. தொடக்கத்தில் எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பல்மர் விஞ்ஞானப் புனைகதை நாவல்களை எழுதிக் குவித்தவர். அங்கே அந்தக் கை முதலில் வில்லனின் கை. பிறகுதான் அவன் உளவாளியாகித் திருந்துகிறான். தமிழ் வாசகன் அவனை வில்லனாக நினைவில் வைத்திருக்கவில்லை.

ஸ்பைடர் விஷயம் இதைவிடச் சுவாரஸ்யம். 1965 முதல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் வந்த தொடர். தொடக்கக் கதைகள் டெட் கோவன் எழுதியவை. இரும்பு மனிதன் ஆர்ச்சியை 1952இல் உருவாக்கியவரும் இவரேதான். பிறகு ஸ்பைடரை எடுத்துக்கொண்டவர் ஜெர்ரி சீகல். 1938இல் வெளிவந்த சூப்பர்மேனை ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து படைத்த அதே சீகல். அமெரிக்காவில் தன் படைப்பின் உரிமைக்காகப் பதிப்பகத்தோடு வழக்காடி ஓய்ந்த மனிதன், பெயர் போடாத ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதிய கதையை வேலூரில் ஒரு பையன் சீகல் என்ற பெயரையே கேள்விப்படாமல் படித்திருக்கிறான். ஆசிரியனின் மரணம் என்று நாம் பார்த்தைப் படித்துப் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே ஆசிரியன் தத்துவ மரணம் எதுவும் அடையவில்லை. சம்பளம் கொடுத்துப் பெயரை எடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்று என்று எண்ணிக்கொள்வது வசதியான கோட்பாடு. பட்டியலின் ஒரு வரி அந்த வசதியைக் கலைத்துவிடுகிறது.

தமிழாக்கியவர் விஷயத்தில்தான் பட்டியல் தடுமாறுகிறது. பிரிட்டிஷ் எழுத்தாளனைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு சேகரிப்பு மரபு இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். தமிழாக்கியவரைக் கண்டுபிடிக்க நாம்தான் வேலை செய்தாக வேண்டும். முத்து காமிக்ஸின் தொடக்க கால ஆசிரியராக இருந்த முல்லை தங்கராசன் போன்றவர்கள் சேகரிப்பாளர்களின் பேச்சில் உயிரோடு இருக்கிறார்கள். இலக்கிய வரலாற்று நூல்களில் தேடினால் கிடைப்பதில்லை. லண்டன்காரன் பெயரை மீட்டுவிட்டு 'மாயாவி' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்த மனிதனைக் கோட்டைவிட்டால், நாம் எழுதியது பிரிட்டிஷ் காமிக்ஸ் வரலாற்றின் பின்னிணைப்பாகத்தான் இருக்கும்.

எண்ணிடும் வேலையிலும் விமர்சனம் இருக்கிறது. வெளியிலிருந்து ஓர் உதாரணம். அமெரிக்காவில் 1977இல் மார்க் மில்லர் 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டார். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ஒருவர் கதை சொல்ல, பகடை உருட்டி ஆடுவது. கிரக வரைபடங்கள், கப்பல் விவரங்கள், ஆடுவதற்கான கதைச் சூழல்கள் என்று அந்த விளையாட்டுக்கென்றே 1979இல் ஒரு பத்திரிகை வந்தது. 24 இதழோடு அந்தப் பெயர் நின்றுபோனது. பிறகு 'சேலஞ்ச்' என்ற பெயரில் வந்த பத்திரிகை முதல் இதழை 25 என்று எண்ணிட்டு ஆரம்பித்தது. பட்டியல்காரர் என்ன செய்வார்? ஒரு பத்திரிகை என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா? எப்படி எழுதினாலும் அது ஒரு தீர்ப்பு. நம்மிடமும் இதே சங்கடம் உண்டு. அங்கே வாரம் இரண்டொரு பக்கமாக மாதக்கணக்கில் வந்த தொடர், இங்கே கையடக்கமான ஒரே புத்தகமாகிறது. அங்கே 'அடுத்த வாரம்' என்று தொங்கிய இடத்தில் இங்கே அடுத்த பக்கம் வருகிறது. 'ஒரு கதை' என்பதன் அலகையே சிவகாசி மாற்றியிருக்கிறது. மூலக்கதை எந்த வாரத்தில் தொடங்கி எந்த வாரத்தில் முடிந்தது என்று பட்டியலில் எழுதும்போதுதான் இது கண்ணில் படுகிறது.

4

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு என் மறுப்புக்கு வருகிறேன். பட்டியலில் அண்மைக் காலமாகத் தலைதூக்கி நிற்கும் பத்தி 'நிலை'. அட்டை உண்டா, பக்கம் முழுசா, மை கொட்டியிருக்கிறதா, கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா. இதை வைத்துத்தான் விலை. யாரும் தொடாத பிரதி உயர்ந்த பிரதி. படித்துக் கிழிந்தது மட்டம்.

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தோல் தரம் பிரிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கண் பழக்கமானது. 'செலக்‌ஷன்' என்றே சொல்கிறார்கள். தோலை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, கையால் ஒரு தடவு தடவிப் பார்த்துச் சட்டென்று தரம் சொல்லிவிடுவார்கள். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, சூடு போட்ட அடையாளம், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, ஒவ்வொன்றுக்கும் விலை குறையும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழே தள்ளினாலும் அவர்கள் தழும்பைப் படிக்கிறார்கள். இது மேய்ச்சலில் வந்தது, இது கசாப்புக்காரன் கை தவறியது என்று அவர்களுக்குத் தெரியும். நம் பட்டியலுக்கு அது கூடத் தெரிவதில்லை. 'சேதம்' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. கரையான் அரித்ததும் சேதம், போட்டிக்காகக் கூப்பன் வெட்டியதும் சேதம். ஒன்று பூச்சி செய்தது. மற்றொன்று வாசகன் செய்தது.

எழுத்துக்கு எதிர்வினையாக ஏதாவது செய்யச் சொல்லும் பத்திரிகைகளுக்கு இது இன்னும் பொருந்தும். புதிர்ப் பக்கத்தைப் பென்சிலால் நிரப்பியிருந்தால் அந்தப் பக்கம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். 'டிராவலர்' பத்திரிகையின் வரைபடத்தைக் கிழித்தெடுத்து மேஜையில் விரித்து ஆடியவன்தான் அதன் வாசகன். பாலித்தீன் உறைக்குள் போட்டு மூடி வைத்தவன் அதை இன்னும் படிக்கவில்லை. வால்டர் பெஞ்சமின் தன் நூலகத்தைப் பிரித்து அடுக்கும்போது எழுதிய 1931ஆம் ஆண்டுக் கட்டுரையில், பொருளின் பயன்பாட்டைச் சேகரிப்பாளன் பெரிதாக எண்ணுவதில்லை என்கிற மாதிரி ஒரு வாதம் உண்டு. அவருக்குச் சரி. பயன்பாட்டின் தடமே முக்கிய சாட்சியாக இருக்கிற ஒரு வாசிப்பு வரலாற்றுக்கு அந்த வாதம் போதாது.

தமிழ் வீடுகளில் இருந்த 'பைண்டு வால்யூம்' வழக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழித்தெடுத்து, மணியம் படங்களோடு தைத்து வைத்த வீடுகள் எத்தனையோ. அந்தப் புத்தகத்தை எந்தப் பதிப்பகமும் வெளியிடவில்லை. வீட்டுப் பெண்கள்தான் பல வீடுகளில் அதற்குப் பதிப்பாசிரியர்கள். ஒரு நாவல் பிழைக்க நூற்றெண்பதுக்கு மேற்பட்ட வார இதழ்கள் கிழிபட்டன. 'நிலை' பார்க்கும் பட்டியலில் அந்த வார இதழ்கள் குறைபட்டவை. தைத்த புத்தகமோ பட்டியலில் இடமே இல்லாத அநாமதேயம்.

5

லாங் பஜாரில் எனக்குக் கிடைத்த ஒரு மாயாவிப் பிரதியைப் பற்றிச் சொல்கிறேன். அட்டை கிடையாது, கடைசிப் பக்கங்கள் கிடையாது. சேகரிப்பாளர் எவரும் கையால் தொடமாட்டார். உள்ளே ஏழெட்டுக் கட்டங்களில், பேச்சுக் குமிழிக்கு ஓரமாக, பென்சிலில் உருது எழுத்து. எனக்கு உருது படிக்க வராது. வாணியம்பாடி நண்பர் ஒருவரிடம் காட்டினேன். 'மின்சாரம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'பிஜிலி' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். 'மறைந்துவிட்டான்' என்பதற்கு 'காயப்'. 'உளவாளி'க்கு 'ஜாசூஸ்'.

வீட்டில் உருது பேசி வளர்ந்த யாரோ இந்தப் புத்தகத்தை வைத்துத் தமிழ் கற்றிருக்கிறார்கள். அல்லது தமிழ் தெரிந்த பிள்ளை, தெரியாத தம்பிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். தோல் தொழில் நடக்கிற இந்தப் பகுதியில் தமிழும் உருதும் அடுத்தடுத்த கடைகளில், ஒரே வகுப்பறையில், ஒரே டேனரிக்குள் புழங்குகின்றன. 'ஜாசூஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் வேறொரு நூலக அலமாரியே இருக்கிறது: 1952இல் அலகாபாத்தில் தொடங்கிய இப்னே சஃபியின் 'ஜாசூசி துனியா' முதலாக வந்த உருதுத் துப்பறியும் நாவல்கள். ஆக, லண்டனில் எழுதி, ஸ்பெயின்காரர் வரைந்து, சிவகாசியில் தமிழான கதைக்கு வேலூர்ப் பக்கத்தில் நான்காவதாக ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்திருக்கிறார். அவருடைய மொத்த எழுத்தும் ஏழெட்டுச் சொற்கள்தான். 'மேலாதிக்கத்தின் கருவி' என்று எழுதி முடித்த விமர்சனமும், 'சேதம்' என்று எழுதி முடித்த பட்டியலும் இந்த ஆளைப் பார்க்க வாய்ப்பே இல்லை. ஒன்று கதையை மட்டும் பார்க்கிறது. மற்றது தாளை மட்டும் பார்க்கிறது.

இதில் அவசரம் எங்கே வருகிறது என்றால், கதைக்கு இப்போது ஆபத்தில்லை. 2012 முதல் லயன், முத்து இரண்டும் புது வேகத்தோடு வந்துகொண்டிருக்கின்றன. மாயாவி நல்ல தாளில் மறுபதிப்பாகக் கிடைக்கிறான். பழைய இதழ்களை ஸ்கேன் செய்பவர்கள் பக்கத்தைச் 'சுத்தம்' செய்கிறார்கள்: மஞ்சளை எடுத்து, மடிப்பை நேராக்கி, கிறுக்கலை அழிக்கிறார்கள். பென்சில் எழுத்து முதலில் போவது அப்படித்தான். கதை பிழைக்கும். அந்த உருதுச் சொற்கள் பிழைக்காது.

6

பட்டியல் போடுவதில் நமக்கு இரண்டு முன்னோடிகள் உண்டு. ஒன்று அரசாங்கம். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி, அச்சான புத்தகங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, பிரதிகளின் எண்ணிக்கை என்று வெள்ளைக்காரன் பதிவு செய்தான். சந்தேகத்தில் செய்த வேலை. ஆனாலும் இன்றைக்கு ஆய்வாளர்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. இன்னொன்று கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த மனிதர், புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் தள்ளாமல் சேர்த்தார். அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையிலேயே நூலகமாக அது அமைந்தது. எது இலக்கியம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சேர்க்க ஆரம்பித்திருந்தால் அந்த நூலகம் நமக்குக் கிடைத்திருக்காது.

'எல்லாக் கிறுக்கலையும் எழுதிக்கொண்டிருந்தால் பட்டியல் எப்போ முடியும்?' என்று சேகரிப்பு நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் எல்லாவற்றையும் கேட்கவில்லை. 'நிலை' என்ற ஒரு பத்திக்குப் பதில் இரண்டு பத்தி போதும். ஒன்று, காலம் செய்தது. மற்றொன்று, வாசகர் செய்தது: வாடகை நூலக முத்திரை, கைமாறியதன் அடையாளம், வெட்டிய கூப்பன், நிரப்பிய புதிர், ஓரத்தில் எழுதிய சொல். ஆள் பெயர் வேண்டாம்; அது அவரவர் சொந்த விஷயம். எந்த ஊரில், எப்படிப்பட்ட கடையில் கிடைத்தது என்பது மட்டும் வேண்டும். ஒரு பிரதிக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகச் செலவாகும்.

இது காமிக்ஸோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1959 முதல் 1970 வரை சி. சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து'வில் வந்த கட்டுரைகளைப் பற்றி நாம் எழுதியது மலை போலக் கிடக்கிறது. அதே இதழின் பிரதிகள் யார் யார் கைக்குப் போயின, எந்த வரியின் கீழே யார் கோடு போட்டார்கள், ஓரத்தில் என்ன சண்டை போட்டார்கள் என்று குறித்து வைத்திருக்கிறோமா? சில நூறு பிரதி அச்சிட்டே ஒரு இலக்கியப் போக்கை மாற்றினோம் என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தச் சில நூறும் எங்கே என்று தேட வேண்டாமா? நம் இதழ்களும் அதே கோணிக்குத்தான் போகின்றன.

நான் என் நோட்டில் எழுதிய வரியை இங்கே தருகிறேன். குறை இருந்தால் நண்பர்கள் சொல்லலாம்.

முத்து காமிக்ஸ். இரும்புக்கை மாயாவி கதை. அட்டை இல்லாததால் இதழ் எண் தெரியவில்லை. மூலம்: 'வேலியண்ட்'. தமிழாக்கியவர்: பெயர் இல்லை, தேட வேண்டும். காலம் செய்தது: அட்டை, கடைசிப் பக்கங்கள் இல்லை; ஓரம் மஞ்சள். வாசகர் செய்தது: ஏழெட்டுக் கட்டங்களில் பென்சிலில் உருதுச் சொற்பொருள். கிடைத்த இடம்: வேலூர், லாங் பஜார் அருகே, பழைய பேப்பர் கடை. விலை: எடைக்கு.